சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் அயர்லாந்து டாக்டர்

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு வியாதியே வரக் கூடாது. வந்தாலும் கை, கால் என்று நாலு பேரிடம் காட்டக்கூடிய இடத்தில் வர வேண்டும். எனக்கு வந்தது மூலம்.

(சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். போகப் போக மூச்சு வாங்கும்.)

அயர்லாந்தில் எனக்கு நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. அங்கே டாக்டரைப் பார்ப்பது, சட்டையை மாட்டிக்கொண்டு போய் டோக்கன் வாங்குகிற சமாச்சாரமில்லை. முதலில் ஃபோன் செய்ய வேண்டும். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு மெஷின் சொல்லிவிட்டு பியானோ வாசிக்கும். பியானோ முடிந்ததும் ஒரு பெண் வந்து, உயிர் போகிற அவசரமா என்று கேட்பாள். உயிர் போகவில்லை, உட்காரத்தான் முடியவில்லை என்றால் வரிசையில் போடுவாள். முதலில் குடும்ப டாக்டர் ஃபோனில் பேசுவார். அவர் மனது வைத்துக் கடிதம் கொடுத்தால்தான் பெரிய டாக்டர். அவருக்கு வேறொரு வரிசை. நான் காத்திருந்த காலத்தில் ஆபீஸில் ஒருத்தி கர்ப்பமாகி, லீவில் போய், பிள்ளை பெற்று, வேலைக்கே திரும்பி வந்துவிட்டாள். நான் நின்றபடியே அவளுக்கு வாழ்த்துச் சொன்னேன்.

கடைசியில் குடும்ப டாக்டர் பேசுகிற நாள் கிடைத்தது. எப்போது? பெண் பார்க்க லீவு போட்டுக்கொண்டு நான் சொந்த ஊரான கொல்லிமலைக்கு வந்திருந்த வாரத்தில்! நாளை மாற்றச் சொன்னால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். ஃபோனை எடுக்காவிட்டாலும் வால். நாட்டை விட்டு வெளியே இருக்கிறேன் என்று தெரிந்தால் பேசவே மாட்டார்கள், அப்போதும் வால்தான். இது ஆஸ்பத்திரியா, பரமபதமா?

'நாமக்கல்லில் காட்டியிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றாமலா இருக்கும்? ஆனால் நாமக்கல் ஆஸ்பத்திரியில் நான் கால் வைத்தால், நான் மலையேறுவதற்குள் சேதி ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை மலையிலேயே இன்னொரு பக்கம், திருப்புலி நாட்டில் பெண் பார்க்கப் போகிறோம். பெயர் மலர்விழி. போட்டோவைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. 'அயர்லாந்து மாப்பிள்ளைக்கு உக்கார்ற எடத்துல கோளாறாம்' என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் எவர் பெண் கொடுப்பார்? அதனால் வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

எங்கள் வீட்டில் என் அயர்லாந்து சிம்முக்கு சிக்னல் கிடையாது. சோளக்காடு பஸ் ஸ்டாப்பில்தான் எடுக்கும். ஆபீஸ் ஃபோன் வரப்போகிறது என்று புளுகிவிட்டு, கந்தன் மாமனின் பைக்கில் ஏறினேன். (மலை ரோடு, பைக், என் நிலைமை. அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.)

கந்தன் மாமன் அம்மாவின் தம்பி. அவரைப் பற்றிச் சொல்லுமுன் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தத்தில் யாரும் தனியாக டாக்டரிடம் போவதில்லை. போகிற இடத்தில் சீக்காளி வாயைத் திறப்பதுமில்லை. கூடப் போகிறவர்தான் வலியைச் சொல்ல வேண்டும். சீக்காளி தானே சொல்லிக்கொண்டால் ஆளில்லாத அநாதை என்று அர்த்தம். இந்த வேலைக்கு எங்கள் குடும்பத்தில் பேர்போனவர் மாமன். பிரசவம் தவிர எல்லா வலியையும் தனக்கே வந்தது மாதிரி விவரிப்பார்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டிய சந்தையில் நல்ல கூட்டம். பலாப்பழக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். ஃபோன் அடித்தது. ஒரு டாக்டரம்மா. பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் கேட்டுவிட்டு, "இப்போது தனிமையான இடத்தில்தானே இருக்கிறீர்கள்?" என்றார்.

"ஆமாம், வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன்" என்றேன்.

அந்த நேரம் பார்த்தா நாமக்கல் பஸ் வந்து காதோரம் ஹாரன் அடிக்க வேண்டும்? ஒரு எழவும் கேட்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டேன். போடுவானா ஒருத்தன்? போட்டேன்.

பெண் குரல் கேட்டதும் மாமன் வந்துவிட்டார். "யாரு மாப்ள?"

பதற்றத்தில் உண்மை வந்துவிட்டது. "டாக்டரு மாமா."

மாமனின் முகம் சுருங்கிப்போனது. "டாக்டரா? உனக்கென்ன சாமி? சீக்க வெச்சுக்கிட்டு தனியாவா பேசிட்டிருக்கற? நான் செத்தா போயிட்டேன்?" ஃபோனைப் பிடுங்கினார். "ஏனுங்க டாக்டரம்மா, பையனோட தாய்மாமன் பேசறனுங்க. எதுன்னாலும் எங்கிட்டயே கேளுங்க."

டாக்டரம்மா இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மாமன் சுற்றிலும் பார்த்தார். பஸ்ஸுக்காக எஸ்தர் டீச்சர் நின்றிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர்.

"டீச்சர், வெள்ளக்கார டாக்டருங்க. என்ன கேக்கறாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க!"

டீச்சருக்கு வகுப்பில் பேசிப் பழகிய தொண்டை. கடைசி பெஞ்சு வரை கேட்கும். "ரத்தம் போவுதான்னு கேக்காங்க!"

"போகுதா மாப்ள?"

நான் தரையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"போகுதாமுங்க. எந்த எடத்துலன்னு கேளுங்க டீச்சர்."

டீச்சர் கேட்டார். பதிலும் வந்தது. "உக்காருத எடத்துலயாம்!"

மிளகு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்தார். பஸ் டிரைவர் இஞ்சினை அணைத்தார். (எனக்குக் கொடுத்த மரியாதை என்று நினைக்காதீர்கள். சரியாகக் கேட்கவில்லையாம்.)

"மாமா, குடுங்க ஃபோன!"

"நீ சும்மா இரு கண்ணு. சீக்காளி பேசப்படாது."

அடுத்த கேள்வி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இது உண்டா என்பது. மாமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எங்கப்பனுக்கு இருந்துச்சுங்க. எங்கக்காளுக்கு இருக்குது. எனக்கும் மழக்காலத்துல வரும்னு சொல்லுங்க." இத்தனை வருடமாக அப்பாவுக்கே தெரியாமல் அம்மா காப்பாற்றி வந்த ரகசியம் அத்தோடு போயிற்று.

அதற்குள் வாழைத்தார் விற்கும் அக்கா முண்டியடித்துக்கொண்டு வந்தார். "டீச்சர், எனக்குந்தான் ரத்தமாப் போகுது. ஒரு வார்த்த கேளுங்க." பின்னாலிருந்து ஒருவர், "துத்தி எலைய வதக்கிக் கட்டச் சொல்லுங்க அந்தம்மாள!" என்றார். டீச்சர் எல்லாவற்றையும் அப்படியே இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, மூலம் யாருக்கு, வைத்தியம் யாருக்கு என்றே அயர்லாந்து டாக்டருக்குப் புரிந்திருக்காது. "எத்தனை பேர் இருக்கிறீர்கள்? எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"வீட்டில்! வீட்டில்!" என்று நான் கத்தினேன்.

எஸ்தர் டீச்சர் பொய்யே சொல்லாதவர். கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா என்று பின்கோடு வரை நல்ல இங்கிலீஷில் ஒப்பித்தார்.

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டரம்மா ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: வெளிநாட்டில் இருப்பவருக்கு ஆலோசனை சொல்ல விதியில்லை, வருந்துகிறேன், திரும்பி வந்ததும் புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வைப்பதற்கு முன், அந்த வாழைத்தார் அம்மாவை மட்டும் உடனே யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள் என்றார். அக்காவுக்குக் கிடைத்த கவனிப்பில் பாதிகூட எனக்குக் கிடைக்கவில்லை!

"வலி எங்கன்னு கேட்டாச் சரி. ஊரு எங்கன்னு கேக்கறவ என்ன டாக்டரு?" என்று மாமன் பஸ் ஸ்டாப்பையே கூட்டிவைத்துத் திட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வரிசையும் போயிற்று, மானமும் போயிற்று, பெண்ணும் போயிற்று. சோகமாக உட்காரலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

மறுநாள் மாமன் என்னை நாமக்கல்லுக்கு இழுத்துப்போனார். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே இறங்கினேன். ஆளாளுக்கு எழுந்து, "உக்காருங்க தம்பி, எனக்கு விசயம் தெரியும்" என்று இடம் கொடுத்தார்கள். விசயம் தெரிந்தவன் உட்காரவா சொல்வான்? டாக்டரிடம் மாமன் பேசினார், நான் பேசாமல் படுத்தேன். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போகவே வேண்டாம் என்றேன். ஆனால் பெண் வீட்டிலிருந்து, கட்டாயம் வரச் சொல்லி ஆள் வந்தது. போனோம். எல்லோருக்கும் வெறும் நாற்காலி. எனக்கு மட்டும் ஒரு தலையணை போட்டிருந்தார்கள்.

"இப்பத் தேவலைங்களா மாப்பிள்ள?" என்றார் பெண்ணின் அப்பா.

பூமி பிளக்கவில்லை. நான் அந்தத் தலையணையில் உட்கார்ந்தேன். (சொல்லக் கூடாதுதான், சுகமாக இருந்தது.)

ஃபோன் வந்த அன்றைக்கு ஹாரன் அடித்ததே, அந்த நாமக்கல் பஸ்ஸில் மலர்விழி ஜன்னலோரம் இருந்திருக்கிறாள். ஒரு கேள்வி, ஒரு பதில் விடாமல் காதில் வாங்கியிருக்கிறாள். அவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் சரி என்றிருக்கிறாள்.

இப்போது அவளும் அயர்லாந்தில் என்னோடுதான் இருக்கிறாள். ஊருக்குப் போகும்போதெல்லாம், எந்தக் கல்யாணப் பந்தியிலும் யாராவது அவளிடம், "வெளிநாட்டு மாப்பிள்ளைய எப்படிக் கண்ணு நம்பிக் கட்டிக்கிட்ட?" என்று வாயைக் கிண்டுவார்கள். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் சொல்வாள்:

"வெளிநாட்டு மாப்பிள்ளைன்னா எதையாச்சும் மறைப்பாங்கன்னு எல்லாரும் பயப்படுவாங்க. இவருகிட்ட மறைக்கறதுக்கு இன்னும் என்னங்க பாக்கி இருந்துச்சு?"