மெத்தைக்கடைக்காரரின் மலைச் சைக்கிள்

ஊருக்கெல்லாம் தூக்கம் விற்ற மனிதருக்குத் தன் வீட்டில் தூக்கம் வரவில்லை.

மெத்தைக்கடைக்காரர் என்றால் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். மெத்தப் படித்தவர் இல்லை. ஆனால் மெத்தையைப் படித்தவர். வாடிக்கையாளரைப் படுக்கச் சொல்லிவிட்டு, "கண்ணை மூடுங்க, இப்ப உலகமே கிடையாது" என்று மெல்லச் சொன்னால் பாதிப் பேர் வாங்கிவிடுவார்கள். மீதிப் பேர் குறட்டை விடுவார்கள். அப்பேர்ப்பட்டவர், ஒரே மகள் வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனதிலிருந்து வீட்டுக் கட்டிலில் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தார்.

வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தால்கூடத் தேவலை. பேச்சே இல்லை. சாப்பாட்டு மேசையில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, ஃபிரிட்ஜ் மட்டும் ஏதோ முனகி ஓயும். மகளின் அறைக் கதவு சாத்தியே கிடந்தது. அதைக் கடக்கும்போது இருவருமே நடையை எட்டிப் போட்டார்கள்.

ஒருநாள் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் சரக்கு பார்க்கப் போனவர், அடுக்கின் மேலிருந்த மெத்தையில் சற்றே சாய்ந்தார். எழுந்தபோது மதியம். பிளாஸ்டிக் உறை கன்னத்தில் ஒட்டியிருந்தது. அன்றே தீர்மானித்தார்: இனி ஞாயிற்றுக்கிழமை தோறும் கிடங்கில்தான் தூக்கம்.

ஆனால், "இந்த வீட்டில் எனக்குத் தூக்கம் வரலை" என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது? பொய்தான் வழி. அதிலும் பெரிய சிக்கல். அவள் பார்ப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனியில், விபத்தான வண்டிகளைச் சோதிக்கும் வேலை. நொறுங்கிய காரை ஒரு தடவை சுற்றி வருவாள். "மாடு குறுக்கே வந்துச்சுன்னு சொல்றீங்க. மாட்டுக்கு யாரு நீலப் பெயின்ட் அடிச்சது?" என்பாள். இழப்பீடு கேட்டவர் அதோடு எழுந்து போய்விடுவார்.

ஆகவே பெரிய பொய்யாகவே சொல்லிவிட்டார். மகள் விட்டுப்போன மலைச் சைக்கிள் பின்கட்டில் நின்றது கைகொடுத்தது.

"இனிமே ஞாயித்துக்கிழமை ஆனா மலைக்குப் போகப் போறேன்."

"சாமியாராவா?"

"சைக்கிள்ல. நாள் முழுக்க ஓட்டுற போட்டிக்குப் பயிற்சி. ஒரு அணியில சேர்ந்திருக்கேன்."

"அணியா? அதெல்லாம் கழுத்துல போடுறதுன்னு இல்ல நினைச்சேன். யார் யாரு இருக்காங்க?"

"உனக்குத் தெரியாதவங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பின்னே!"

அவருடைய தொந்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பிரேக் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க. ஏறுறதுக்கு உங்க காலை நம்ப முடியாது. இறங்குறதுக்கு உங்க எடையை நம்பலாம்" என்றாள்.

ஞாயிறுதோறும் இறுக்கமான கால்சட்டையில் பிதுங்கிக்கொண்டு புறப்பட்டார். தெருமுனை வரை மிதித்தார். அப்புறம் தள்ளிக்கொண்டு கடைக்குப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கட்டையாகக் கிடந்தார். மதியம் வீடு திரும்பினால் விசாரணை.

"கன்னத்துல என்ன கோடு?"

"ஹெல்மெட் வார்."

"இவ்வளவு மேலயா?"

"காத்து அடிச்சா நகரும்."

"டயர் பளபளன்னு இருக்கே. மலையைக் கழுவிவிட்டிருக்காங்களோ?"

அடுத்த வாரம் அவர் புத்திசாலியானார். மனைவியின் ரோஜாத் தொட்டியிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளி, தண்ணீர் விட்டுக் குழைத்து டயரில் அப்பினார். அவள் குந்தி உட்கார்ந்து, டயர் இடுக்கிலிருந்து எதையோ நகத்தால் நெம்பி எடுத்தாள். முட்டை ஓடு. ரோஜாவுக்கு உரமாக அவளே நொறுக்கிப் போட்டது.

"மலையில கோழி வளக்குறாங்களா?"

"காட்டுக்கோழி."

"ஓ."

அந்த "ஓ"வைக் கேட்டு இழப்பீடே வேண்டாம் என்று ஓடியவர்கள் ஊரில் உண்டு. மெத்தைக்காரரோ மெத்தனமாக இருந்துவிட்டார்.

மழைக்காலம் பிறந்தது. ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தால், கூடத்தில் அடுத்த தெரு மருந்துக்கடைக்காரர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். மெலிந்த மனிதர். முகத்தில் எப்போதும் சாவு வீட்டில் துஷ்டி விசாரிக்கிற களை.

"அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும். நாளைக்கு மலைச் சைக்கிள் போட்டி. எங்க அணியில மூணு பேர். மூணாவது ஆள் தோள்பட்டையை உடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடக்கான். போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் நாங்கதான் கடைசி. இந்தத் தடவையாவது தலை நிமிரலாம்னு பார்த்தோம். அண்ணி சொன்னாங்க, நீங்க வாராவாரம் மலை ஏறுறீங்களாமே!"

மெத்தைக்காரர் மலைத்துப்போனார். "நான் வேற அணியில..."

"உங்க அணி இந்தப் போட்டிக்கு வரலைன்னு நேத்துத்தானே சொன்னீங்க?" என்றாள் மனைவி, பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டே. நேற்று அவள் ஏன் அதைச் சாதாரணமாகக் கேட்டாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

"முட்டி கொஞ்சம் வலி..."

"முட்டிக்கு நம்ம கடையிலேயே மருந்து இருக்கு அண்ணே!"

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பினால் திரும்ப மூடவாவது செய்யலாம். பூதம் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

மறுநாள் வானம் கிழிந்து ஊற்றியது. ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் தார்ப்பாய்க் கூடாரங்கள். மலையைச் சுற்றி வரும் சேற்றுப் பாதை ஒன்று. ஒருவர் ஒரு சுற்று போய் வந்து, கையிலுள்ள பட்டையை அடுத்தவர் கையில் மாட்ட வேண்டும். பட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் திரும்பி வந்தால்தான் அணிக்குக் கதிமோட்சம். பொழுது சாய விசில் ஊதும்போது அதிகச் சுற்று முடித்த அணிக்கு வெற்றி.

முதல் சுற்றை மருந்துக்கடைக்காரர் முடித்தார். அடுத்தது பயிற்சி ஆசிரியை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்மணி. பல தலைமுறைத் தப்பான கியர்களைத் தாங்கிய குரல். சேறும் சகதியுமாக வந்து மெத்தைக்காரர் மணிக்கட்டில் பட்டையை மாட்டினார்.

"நாம இப்ப நடுவுல இருக்கோம் சார்! பதறாதீங்க! எதிர்ல பாருங்க, கீழ பாக்காதீங்க! போங்க!"

போனார். முதல் மேட்டிலேயே எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். இரண்டாவது மேட்டில், தாண்டியவர்கள் சுற்றை முடித்துப் பட்டையை மாற்ற, அவர்களுடைய அடுத்த ஆட்களும் வந்து தாண்டினார்கள். அவருக்குச் சுற்றியது தலைதான். அப்புறம் சைக்கிள் அவரைச் சுமக்கவில்லை. அவர்தான் சைக்கிளைச் சுமந்தார். வழுக்கி விழுந்தார். எழுந்தார். எழுந்த இடத்திலேயே மறுபடி விழுந்தார்.

உச்சியில் ஒரு பாறை. அதில் உட்கார்ந்தார். கீழே ஊர் மழையில் கரைந்து கிடந்தது. தன் வீடு எது என்றே அடையாளம் தெரியவில்லை. இத்தனை மாதம் பொய்யில் எவ்வளவு சுலபமாக ஏறிய மலை! கீழே இரண்டு பேர் தன் கைப்பட்டைக்காக நனைந்து நிற்கிறார்கள். இந்தச் சைக்கிள் வாங்கிய புதிதில் மகள், "அப்பா, ஒரே ஒரு தடவை மேல வாங்க, எல்லாம் எவ்வளவு சின்னதா தெரியும் பாருங்க" என்று கெஞ்சியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும், "கடையை யாரு பாக்குறது?" என்று சொல்லியிருக்கிறார். இப்போது வந்துவிட்டார். காட்டத்தான் ஆளில்லை.

அழுதார். சத்தம் போட்டே அழுதார். கேட்க ஒரு காக்கைகூட இல்லை. அழுது ஓய்ந்ததும் வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் எழுந்து சைக்கிளைத் தள்ளினார்.

அடிவாரம் சேர்ந்தபோது விசில் ஊதியாகிவிட்டது. கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி இடம் என்று தனியாக அறிவிக்கவும் யாரும் மெனக்கெடவில்லை. மருந்துக்கடைக்காரரும் பயிற்சி ஆசிரியையும் மட்டும் அசையாமல் மழையிலேயே நின்றார்கள்.

"மன்னிச்சிருங்க" என்றார்.

"திரும்பி வந்தீங்களே அண்ணே, அது போதும்" என்று மருந்துக்கடைக்காரர் ஒரு தைலப்புட்டியை நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கூடாரத்துக்குள் பெஞ்சில், காலையில் கூடவே வந்த மனைவி உட்கார்ந்திருந்தாள். துண்டை எடுத்து அவர் தலையில் போட்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"கிடங்குல தூங்குறீங்க. முதல் வாரமே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கலை?"

அவள் மழையைப் பார்த்தாள். "நீங்க கிளம்பினதும் நம்ம பொண்ணு ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திப்பேன். வாரத்துல அந்த ஒரு பொழுதுதான் எனக்குக் கிடைச்சது. உங்க முன்னாடி அழுதா நீங்க தாங்க மாட்டீங்க."

மெத்தைக்காரர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

"அப்புறம் எதுக்கு என்னை இந்த மலையில ஏத்திவிட்டே?"

"நான் அழுது முடிச்சிட்டேன். நீங்க ஆரம்பிக்கவே இல்லை. வீட்டுல மாட்டீங்க, கடையில மாட்டீங்க. மேல யாரும் பாக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"நான் எங்கே அழுதேன்? அது மழை."

"மழைத்தண்ணி பட்டா கண்ணு சிவக்காது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநாள் கழித்து இருவரும் இவ்வளவு பேசியிருக்கிறார்கள். உடம்பெல்லாம் வலித்தாலும் உள்ளே ஏதோ இறங்கியிருந்தது. உண்மை தெரிந்துவிட்டது, இனி வேஷம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே நிம்மதியாகப் படுக்கலாம்.

"அப்போ... சைக்கிளை யாருக்காவது குடுத்துடலாமா?"

"அவசரப்படாதீங்க. நீங்க மேல இருந்த நேரத்துல இங்க சும்மா உட்கார்ந்திருக்க முடியலை. பேசிக்கிட்டிருந்தோம். பயிற்சி ஆசிரியை தங்கியிருக்கிற ஹாஸ்டலை மூடுறாங்களாம், பாவம். நம்ம பொண்ணு ரூம் சும்மாதானே கிடக்கு, வந்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

"நல்லதுதானே. வீட்டுல ஒரு பேச்சுச் சத்தம் இருக்கும். வாடகை பேசினியா?"

"வாடகை வேண்டாம்னுட்டேன். தினமும் விடியக்காலையில உங்களை எழுப்பி மலைக்குக் கூட்டிட்டுப் போனா போதும்னு சொல்லியிருக்கேன்."