யாரும் திருடாத இசைத்தட்டு

"ரெண்டு மணி நேரம் தேடினேன். உங்க இசைத்தட்டு எந்தத் தளத்திலும் இல்லை. அதை யாரும் திருடலை. மன்னிக்கவும்."

ஸிக்ஸ்டன் வால்கோர்டு அலுவலகக் கணினியில் அதை நாலாவது தடவையாகப் படித்தார். மற்றதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடைசியில் 'மன்னிக்கவும்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதுதான் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். பரிதாபப்படுகிறவனை என்ன செய்வது?

எழுதிய ஆள் யாரென்று தெரியாது. 'ஏலக்காய்பன்' என்ற புனைபெயரில் ஒரு பெரிய பத்திரிகையின் இணைய விவாதப் பக்கத்தில் உலவுகிற ஆசாமி.

அந்த வருஷம் சுவீடன் முழுக்க இதே சண்டைதான். இணையத்தில் பாட்டைப் பகிர்வது திருட்டா, இல்லை மனித உரிமையா? பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் குளிரைப் பற்றிக்கூடப் பேசாத ஜனங்கள், இணையத்தில் ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஸிக்ஸ்டனும் சும்மா இருக்கவில்லை. ஊர், பேர், வயது ஐம்பத்துநாலு எல்லாம் போட்டு, போன வாரம் ஒரு நீண்ட பதிவு எழுதிவிட்டார்: "இணையத் திருடர்களே, என் இசை வாழ்க்கையை நாசமாக்கியது நீங்கள்தான்!"

அந்த இசை வாழ்க்கை என்பது பதினோரு பாட்டு. எல்லாம் ஏரிகளைப் பற்றி. எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது எல்லாம் அவரே. ஓரெப்ரோ நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் குழாய் வரைபடம் பார்க்கிற மனிதருக்குத் தண்ணீர்மேல் பாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஐந்நூறு தட்டு போட்டார். நானூற்று அறுபது தட்டு இன்னும் அடுக்ககத்தின் நிலவறையில், பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பக்கத்தில் தூங்குகின்றன. ஏன் விற்கவில்லை என்பதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. திருடர்கள் என்ற காரணம் வசதியாக வந்து வாய்த்தது.

இப்போது அந்தக் காரணத்தையும் ஏலக்காய்பன் பிடுங்கிக்கொண்டான்.

மணி மூன்று. அந்த அலுவலகத்தில் ஊர்க் குழாய் மொத்தமும் வெடித்தாலும் மூன்று மணிக் காபி தள்ளிப்போகாது. ஸிக்ஸ்டன் போய் உட்கார்ந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். வரவேற்பில் இருக்கும் யெர்து பன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துக்கோ ஸிக்ஸ்டன். ரெண்டா எடுத்துக்கோ."

"ரெண்டு எதுக்கு?"

"சும்மாதான்."

பம்பு பிரிவு ருனேவுக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. "நாங்களும் படிச்சோம்ப்பா. மனசை விட்டுடாதே. திருட்டுப் பசங்களுக்கு ரசனையே கிடையாது."

ஸிக்ஸ்டனுக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது. இரண்டு பன்னையும் மென்று விழுங்கினார். ருசி ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்தார். திருடவில்லை என்பதுதானே குற்றச்சாட்டு? திருடியதாகச் செய்துவிட்டால் போயிற்று! பாட்டைப் பகிரும் மென்பொருள் ஒன்றை இறக்கினார். 'இருட்டுக்கை' என்று ஒரு பயங்கரமான பெயர் வைத்துக்கொண்டார். தன் பதினோரு பாட்டையும் தானே திருட்டுத் தளத்தில் ஏற்றினார். கணினி அணையாமல் இருந்தால்தான் மற்றவர்கள் இறக்கிக்கொள்ள முடியுமாம். படுக்கையறையில் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு கிடந்தது.

மறுநாள் காலை சுடச்சுட ஒரு பதிவு போட்டார்: "ஏலக்காய்பன், இப்போ தேடிப் பாருங்க. யாரோ ஒரு அயோக்கியன் என் உழைப்பை ஏத்தி வச்சிருக்கான்!"

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது.

"ஆமாம், இருக்கு. நேத்து சாயங்காலம் ஆறேகாலுக்கு ஏத்தியிருக்காங்க. இதுவரை இறக்கினவங்க எண்ணிக்கை பூஜ்யம். மன்னிக்கவும்."

அவ்வளவுதான், வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் உள்ளே குதித்துவிட்டார்கள்.

"திருடினவனே வீட்டு வாசல்ல வச்சிட்டு ஓடிட்டான் போல!"

"இலவசம்னாகூட யோசிக்கிறாங்கப்பா!"

"ஐயா, தெரியாமத்தான் கேட்கிறேன். உங்க வலைப்பக்கத்துல மாதிரிக்கு வச்சிருக்கிற மூணாவது பாட்டுல பாடுறது நீங்களா, படகு மோட்டாரா?"

ஸிக்ஸ்டனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திருடர்களிடம்கூடச் செல்லுபடியாகாத பாடகர் இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஒரே ஒரு ஆள் இறக்கினால் போதும், மானம் மிஞ்சும். சாயங்காலம் மனைவி குன்வோரிடம் நைசாகப் பேச்சைத் தொடங்கினார். அவள் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதற்கும் அசைந்து கொடுக்காதவள்.

"உங்க ஆஸ்பத்திரிக் கணினியில என் பாட்டைக் கொஞ்சம் இறக்கிப் பாரேன்."

"எதுக்கு?"

"சும்மா. கேட்கத்தான்."

"இருபத்தெட்டு வருஷமா குளியலறையிலிருந்து இலவசமாத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன். இன்னும் இறக்கி வேற கேட்கணுமா? முதல்ல அந்தக் கணினியை அணை. அறை முழுக்க ஆலை மாதிரி சத்தம்."

அணைக்கப் போனவர் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று.

ஒன்று! யாரோ ஒரு புண்ணியவான் தன் பாட்டைத் திருடியிருக்கிறான்! அன்றைக்கு அவர் சாப்பிட்ட மீன் உருண்டைக்குக் கணக்கே இல்லை. வடக்கே எங்கோ பனிக்குள் ஒற்றை வீட்டில், ஒரு தனிமைக்காரி கண்ணை மூடி அந்த ஏரிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துப் பார்த்தார். சட்டப்படி அவளைத் திட்ட வேண்டும். ஆனால் கிடைத்தால் கையைப் பிடித்து முத்தமே கொடுத்திருப்பார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் இருந்தபோது கைப்பேசி அடித்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து, 'இசைக்காவல் கழகம்' என்ற சங்கத்தின் வக்கீல். பெயர் ஈங்கெலா ஸ்ட்ரூவே. வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம் ஆன உற்சாகம் குரலில் பொங்கியது.

"வால்கோர்டு சார்! உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் நாங்க தேடிக்கிட்டு இருந்தோம். பெரிய பாடகர்கள் அழுதா ஜனங்க சிரிக்கிறாங்க. நீங்க சின்னக் கலைஞர், உழைப்பாளி, பாவப்பட்டவர். சனிக்கிழமை பத்திரிகையில உங்க படம் முழுப் பக்கத்துக்கு வருது. அதே நாள் போலீஸ்ல புகாரும் குடுக்கிறோம்."

"யார் மேல?"

"இருட்டுக்கை மேல! ஆளோட இணைப்பைக் கண்டுபிடிச்சாச்சு. கேட்டா அதிர்ந்துடுவீங்க. உங்க ஊர்க்காரன்! சனிக்கிழமை தெருப் பேரோட செய்தி வந்துடும். ஒருவேளை உங்களுக்குத் தெரிஞ்ச ஆளாக்கூட இருக்கலாம்."

தெருப் பெயர் வந்தால் போதாதா? அலுவலகம் மொத்தமும் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கும். அப்புறம் ஓய்வு பெறுகிற வரை அந்த மேஜையில் எப்படிப் போய் உட்காருவது? ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அந்த இறக்கின ஒருத்தர் இருக்காரே, அவர் யாருன்னு தெரிஞ்சுதா?"

"அதுவா? அது நாங்கதான். சான்றுக்காக."

"ஓ." மெல்லக் கேட்டார். "கேட்டீங்களா?"

"முதல் முப்பது விநாடி. சட்டத்துக்கு அது போதும்."

தொலைபேசியை வைத்தவர் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். பாட்டை நீக்கினார், மென்பொருளை அழித்தார், கணினியின் மின்கம்பியையும் பிடுங்கிப் போட்டார். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் ஈங்கெலாவின் அழைப்பு.

"சார், நல்ல சேதி! அவன் பயந்துட்டான். எல்லாத்தையும் அழிச்சிட்டான். சாட்சியத்தை அழிச்சதுன்னு இன்னொரு குற்றமும் சேருது!"

இனி ஒரே வழிதான் இருந்தது. பாதிக்கப்பட்டவனே வேண்டாம் என்றால் வழக்கு ஏது? கம்பியை மறுபடி மாட்டி இணையத்தில் எழுதினார்: "இருட்டுக்கையை நான் மன்னித்துவிட்டேன். அவனும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். அவனை விட்டுவிடுங்கள்."

சும்மா கிடந்த வாயை ஏன்தான் திறந்தோம் என்று ஆகிவிட்டது. நேற்றுவரை கேலி செய்தவர்களெல்லாம் உருகிவிட்டார்கள். "இவரல்லவா மனுஷன்!" என்றான் ஒருவன். படகு மோட்டார் என்று எழுதியவன் பகிரங்கமாக வாபஸ் வாங்கினான். சாயங்காலம் இசைத்தட்டுக்கு ஓர் ஆர்டர் வந்தது. பதினான்கு மாதத்தில் முதல் ஆர்டர். லூலியோவிலிருந்து ஸிக்னே என்ற ஓர் அம்மாள்.

"நான்தான் ஏலக்காய்பன்," என்று எழுதியிருந்தாள். "முப்பது வருஷம் நூலகத்துல இருந்தவ. ஒருத்தர் கேட்டது இல்லைன்னா, மன்னிக்கவும்னு சொல்லிச் சொல்லியே பழக்கம். உங்களை நோகடிக்கணும்னு எழுதலை. உங்க பெருந்தன்மைக்கு முன்னாடி நான் ரொம்பச் சின்னவளாயிட்டேன். ஒரு தட்டு அனுப்புங்க."

ஸிக்ஸ்டன் நிலவறைக்குப் போய், தட்டு ஒன்றை எடுத்து, உறையில் போட்டு, அந்த அம்மாளின் விலாசத்தை எழுதினார். எழுதும்போதே கை கூசியது. கேலி செய்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக் காபிக்கு யெர்து கேக் வாங்கி வைத்திருந்தாள். பச்சைநிறப் பாதாம் மாவு போர்த்திய பெரிய கேக். கல்யாணத்துக்கும் ஓய்வுபெறும் நாளுக்கும் மட்டும் வாங்குகிற ஜாதி.

"எதுக்கு யெர்து இதெல்லாம்?"

"திருடனையே மன்னிச்ச மனுஷன் நம்ம அலுவலகத்துல இருக்கார்னு எங்களுக்குப் பெருமையா இருக்கு," என்றாள். கண் வேறு கலங்கியிருந்தது.

ருனே முதுகில் தட்டினான். "ஆனா நான் உன்னை மாதிரி இல்லப்பா. அவன் நம்ம ஊர்க்காரன்னு அந்த இசைக்காவல் கழகம் இணையத்துல போட்டிருக்காமே? கையில கிடைச்சான்னா குழாய்க்குள்ள விட்டுத் தண்ணியைத் திறந்துவிடுவேன்!"

ஸிக்ஸ்டன் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கேக்கை உள்ளே தள்ளினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் குன்வோரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். முதலில் கத்தி நின்றது. அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டுக்குள்ளேயே நீயே பூந்து திருடி, ஊர்ல உன்னையே மன்னிச்சும் விட்டியா? அட மனுஷா!"

"சிரிக்காதே குன்வோர். நான் தலை காட்ட முடியாது."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "என்கிட்ட சொல்லியிருந்தா நானே ஒண்ணு இறக்கியிருப்பேனே," என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு முதல் ரயிலைப் பிடி. ஸ்டாக்ஹோம் போய் நேர்ல சொல்லு. சனிக்கிழமை பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி நீயே சொல்லிட்டா, மிச்ச மானமாவது வீட்டுக்குத் திரும்பும்."

ரயிலில் இரண்டு மணி நேரமும் ஸிக்ஸ்டன் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தார். 'பாருங்கம்மா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு' என்று ஆரம்பிக்கலாமா? சின்னத் தப்பா அது? ஊரே கேக் வெட்டியிருக்கிறது! 'நானே திருடன்' என்று நேராகச் சொல்லிவிட வேண்டியதுதான். அப்படி ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெண் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

கழகத்தின் அலுவலகம் மூன்றாவது மாடியில். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சுவரோரம் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் அக்கார்டியன் பெட்டி. ஒரு நடுவயதுப் பெண்ணின் கையில் கிதார். தாடிக்காரர் ஒருவர் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பாவம், நிஜமாகவே பறிகொடுத்தவர்கள், என்று நினைத்துக்கொண்டார் ஸிக்ஸ்டன். இவர்கள் வயிற்றெரிச்சலுக்கு நடுவில் இப்படி ஒரு பித்தலாட்டக்காரன் வந்து நிற்கிறேனே! உடம்பெல்லாம் கூனிக் குறுகி, அவர்களைக் கடந்து வரவேற்பு மேஜைக்குப் போனார். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"வக்கீல் ஸ்ட்ரூவேயைப் பார்க்கணும்."

"என்ன விஷயமா?"

ஸிக்ஸ்டன் திரும்பிப் பார்த்தார். ஆறு பேருக்கும் காது கேட்கும் தூரம்தான். மேஜைமேல் குனிந்து, குரலே வெளியே வராமல் சொன்னார்: "அந்த இருட்டுக்கை இருக்கானே... அது வந்து... என் பாட்டைத் திருட்டுத்தனமா ஏத்தினது... நான்தாம்மா."

அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"சொந்தப் பாட்டைத் தானே ஏத்தின கேஸா? சீட்டு எடுத்துக்கிட்டு உட்காருங்க சார், இந்த ஆறு பேரு முடிஞ்சதும் நீங்கதான்."