மாதிரி வகுப்பில் அருணகிரி

மனைவி கை தட்ட வேண்டும். அருணகிரியின் வாழ்க்கை லட்சியம் அவ்வளவுதான்.

கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் விடும் காண்ட்ராக்டரிடம் அவர் சூப்பர்வைசர். தினமும் விஞ்ஞானிகளை ஏற்றி இறக்கியதில் விஞ்ஞானம் தன்மேலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்பது அவர் கணிப்பு. 'தெரியாது' என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. இவ்வளவு பெரிய அறிவை வீட்டில் வைத்துக்கொண்டு, கட்டியவள் ஒரு நாளும் வியக்கவில்லையே என்ற குறை அவருக்கு. என்றைக்காவது அவள் பள்ளிக்கூடத்திலேயே, நாலு பேர் எதிரில் அவளைக் கை தட்டவைத்துவிட்டுத்தான் ஓய்வது என்று சபதம் எடுத்திருந்தார்.

மனைவி துர்காதேவி கடலோரத்து அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வந்த செயற்கை நுண்ணறிவுப் பாடமும் இந்த வருஷம் அவள் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை மாதிரி வகுப்பு. கல்வி அதிகாரி வந்து உட்காருவார். அவருக்குப் பிடித்துவிட்டால் பள்ளிக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வரும். சொதப்பினால் அவை பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா துர்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"இந்த ஏ.ஐ. மெஷின் கழுத்தறுத்துடுச்சுங்க."

"இன்னா பண்ணுச்சு?"

"தெரியாததைக் கேட்டாலும் தெரிஞ்ச மாதிரியே அளந்து வுடும், நம்பாதீங்கன்னு பசங்களுக்குக் காட்டணும். அதான் பாடமே. போன வருஷம் ட்ரெயினிங்ல கேட்டப்ப இல்லாத கோயிலுக்கெல்லாம் தல வரலாறு சொல்லுச்சு. இப்ப எப்படி மடக்கினாலும், 'மன்னிக்கவும், இதைப் பற்றி எனக்குத் தெரியவில்லை'ங்குது."

"திருந்திடுச்சா?"

"நாளைக்கு அதிகாரி வர்ற நேரம் பாத்துத் திருந்திகினு கீது."

அருணகிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "உனக்குக் கேக்கத் தெரியலை. இன்னா கேட்ட?"

"மாமல்லபுரத்துல ஏழு தலை யானை மண்டபம் எங்க இருக்குதுன்னு."

"அதுவா? லைட் ஹவுஸுக்குப் பின்னாடி. படி எறங்கிப் போவணும்."

துர்காதேவியின் விரல் பட்டன்மேல் அப்படியே நின்றது.

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"சின்ன வயசுல. இப்ப ஒரு தலை ஒடஞ்சுபோச்சு. ஆறுதான் கீது."

அவள் லேப்டாப்பை மெதுவாக மூடினாள். பிறகு கணவரைப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்றுகூட அந்தப் பார்வையில் இவ்வளவு கனிவு இருந்ததில்லை. உள்ளே போனாள். வஞ்சிரம் வறுவலின் நடுத்துண்டு அவர் தட்டுக்கு வந்தது.

"ஏங்க, நாளைக்கு எங்க ஸ்கூலுக்கு வர்றீங்களா? சிறப்பு விருந்தினரா."

வஞ்சிரம் பாதித் தொண்டையில் நின்றது. "நானா?"

"உங்களை வுட்டா வேற யாருங்க கீறாங்க?"

"இன்னா பேசணும்?"

"பேசவே வேணாம். பசங்க கேப்பாங்க. நீங்க பதில் சொன்னா போதும்."

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தினாலும்."

அருணகிரி எழுந்துபோய், ஏற்கெனவே இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டைக்கு மறுபடியும் இஸ்திரி போட்டார்.

மறுநாள் தலைமையாசிரியை மார்கரெட் பொன்னாடை போர்த்தினார். கல்வி அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். துர்காதேவி பிள்ளைகளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வேண்டா என்ற பெண் முதலில் எழுந்தாள். "சார், எங்கூரு ஏரில மூணு மதகு கீதே, நடு மதகை யாரு கட்னது?"

"பல்லவ ராஜாம்மா. ஓரத்து ரெண்டும் வெள்ளைக்காரன் கட்டினது. சுண்ணாம்பைப் பாத்தாலே தெரியும்."

அடுத்து, குப்பத்திலிருந்து வரும் ஹேமந்த். "சார், பௌர்ணமி அன்னிக்கு சங்கரா மீனு ஏன் நீலமா மாறுது?"

"நிலா வெளிச்சம் உப்புத் தண்ணில பட்டா அப்படித்தான் தம்பி. மறுநாள் வெயில் பட்டதும் பழையபடி செவந்துடும்."

அருணகிரிக்குச் சுருதி சேர்ந்துவிட்டது. மயிலுக்கு எத்தனை பல் என்று யாரோ கேட்டதற்கு, "ஆணுக்கா, பொண்ணுக்கா?" என்று திருப்பிக் கேட்டு, இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குச் சொன்னார். அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாவம், இருமல் போலிருக்கிறது என்று நினைத்தார் அருணகிரி.

கடைசியாகப் பூங்கொடி. "சார், எங்க டீச்சருக்குப் புடிச்ச கலர் இன்னா?"

"பச்சை. அதனாலதான் தீபாவளிக்குத் தீபாவளி பச்சைப் புடவையா எடுக்கிறேன்."

துர்காதேவி ஒரு பெருமூச்சு விட்டு வகுப்பின் பக்கம் திரும்பினாள்.

"வேண்டா, உங்க ஏரில எத்தனை மதகு?"

"ஒண்ணுதான் டீச்சர். போன வருஷம்தான் கட்னாங்க."

"ஹேமந்த், சங்கரா?"

"எப்பவும் செவப்புதான் டீச்சர்."

"மயிலுக்கு?"

"பல்லே கெடையாது," என்றது மொத்த வகுப்பும்.

"எனக்குப் பச்சை?"

"புடிக்காது டீச்சர்," என்றாள் பூங்கொடி. "பச்சை கட்டிகினு வர்ற அன்னிக்குத்தான் நெறைய வீட்டுப்பாடம் குடுப்பீங்க."

அருணகிரிக்குப் பொன்னாடைக்குள் வியர்த்தது.

"அப்ப சார் பொய் சொன்னாரா?" என்று கேட்டாள் துர்காதேவி.

வகுப்பு யோசித்தது. வேண்டாதான் மறுபடியும் எழுந்தாள். "இல்ல டீச்சர். பொய் சொல்றவங்களுக்கு நெசம் இன்னான்னு தெரிஞ்சிருக்கும். சாருக்கு அதெல்லாம் இல்ல. கேட்டா பதில் வரணும், அவ்ளோதான்."

"மெஷினும் அப்படித்தான். சில நாள் தெரியலைன்னு ஒழுங்கா சொல்லும், சில நாள் சார் மாதிரி சொல்லும். ரெண்டும் ஒரே மாதிரி அழகாத்தான் இருக்கும். அழகா சொல்லிட்டா அது சரின்னு ஆயிடாது. நாமதான் போய்ப் பாத்துக்கணும்."

அதிகாரி எழுந்து நின்று கை தட்டினார். மார்கரெட் தட்டினார். பிள்ளைகள் தட்டினார்கள். அருணகிரியைப் பார்த்தபடி துர்காதேவியும் தட்டினாள். இத்தனை வருஷம் காத்திருந்த கைதட்டல் ஒருவழியாக வந்தேவிட்டது. ஆனால் எந்தப் பக்கம் திரும்பி வணங்குவது என்றுதான் புரியவில்லை.

"கம்ப்யூட்டர் உங்களுக்குத்தான் மேடம்," என்றார் அதிகாரி. "மத்த ஸ்கூல்லயும் நீங்களே இந்த வகுப்பை எடுங்க. சாரையும் கூட்டிட்டு வாங்க."

திரும்பும்போது ஸ்கூட்டரைத் துர்காதேவி ஓட்டினாள். கடற்காற்று பொன்னாடையைப் படபடவென்று அடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அருணகிரி அதை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே எந்த ஸ்கூலுக்கும் நான் வரமாட்டேன்."

"சரிங்க."

கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். "அப்ப வகுப்பு?"

"உங்க தம்பி ரமேஷைக் கூப்புடலாம்னு கீறேன். அச்சரப்பாக்கத்துல உரக்கடையச் சாத்திட்டு வந்துடுவாரு. பொன்னாடையெல்லாம் போத்துறாங்களே."

"ரமேஷா? அவனுக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. அதான் வேணும்."

அருணகிரிக்குப் பொறுக்கவில்லை. கூடப் பிறந்தவன் தோளில் பொன்னாடை விழுவதை மனக்கண்ணில் பார்த்துவிட்டார்.

"நீ ஆள் தெரியாமப் பேசற துர்கா. அவனுக்கு உரம் தெரியும், பூச்சி மருந்து தெரியும். அவன் சரிப்பட மாட்டான். எனக்குத்தான் சுத்தமா ஒண்ணும் தெரியாது."

துர்காதேவி திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்.

"இன்னிக்கு நீங்க சொன்னதுலயே இது ஒண்ணுதாங்க ரைட்டு."