ஆண் எலியின் சாட்சி

என் தலையில் மிஞ்சியிருக்கும் முடியில் ஓர் இழையைக்கூட யாருக்கும் தருவதில்லை என்று உறுதி பூண்டேன். யாருக்கும் என்றால், மாரியம்மனுக்கும்தான்.

தெய்வக் குற்றம் என்று பதறவேண்டாம். எனக்குப் பக்தி நிறைய உண்டு. முடிதான் இல்லை. இடது காதுக்கு மேலே ஒரு கொத்து வளர்கிறது. அதை நீளமாக வளர்த்து, வலது காதுவரை இழுத்து, தேங்காய் எண்ணெய் போட்டுப் படியவைப்பேன். கேமரன் மலைக் குளிரில் அந்த எண்ணெய் போத்தலிலேயே உறைந்துவிடும். என் தலையிலும் உறையும். பிறகு எந்தக் காற்றுக்கும் முடி அசையாது. தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டும் குணாளனுக்கு வழுக்கை என்று எஸ்டேட்டில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லாமல் சிரிப்பார்கள், அது வேறு விஷயம்.

சிக்கல் என் மனைவி உமாதேவி வழியாக வந்தது. போன மழைக்காலத்தில் கோலா தெர்லா பாதையில் என் லோரி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. நான் கீறல்கூட இல்லாமல் வீடு வந்தேன். வருவதற்குள் இவள் வேண்டிக்கொண்டுவிட்டாள்.

“எங்க வீட்டுல ஒரு தலை மொட்டை போடுறோம்னு அம்மன்கிட்ட சொல்லிட்டேன்.”

“ஒரு தலைன்னா ஏன் என் தலை?”

“பிழைச்சது யாரு?”

பிழைத்தது நான்தான். திருவிழாவும் நெருங்கியது. அப்போதுதான் அறிவியல் எனக்குக் கைகொடுத்தது.

எங்கள் மகள் சசிரேகா கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். எலிகளின் முதுகை மழித்துவிட்டு, முடி திரும்ப எப்படி முளைக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் முகம் காட்டினாள்.

“ஏம்மா, மழிச்ச எலிக்கெல்லாம் முடி வந்துருச்சா?”

“ஆண் ஹார்மோன் தடவுன எலிக்கு ரொம்ப லேட்டாகுதுப்பா.”

“உமா! கேட்டியா?”

“எலிக்குத்தானே?”

“எலிக்கு மேல தடவுனதுக்கே இப்படின்னா, எனக்கு உள்ளேயே ஊறுதுடி! ஆம்பளை உடம்பு. மழிச்சா மழிச்சதுதான்.”

“அப்பா, நான் எலியப் பத்தித்தான்...”

“நீ சொன்னது போதும்மா.”

உமாதேவி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“பொட்டை எலிக்கு?” என்று மகளைக் கேட்டாள்.

“அதுக்கெல்லாம் சீக்கிரமே முளைச்சிருச்சும்மா.”

மகள் திரையிலிருந்து போனதும் இவள் என்னைப் பார்த்தாள். “சரிதான்லா. உங்களுக்குத் திரும்ப வராது. எனக்கு வரும். நானே போட்டுக்கறேன்.”

“என்னத்த?”

“மொட்டைய.”

இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் வாக்குவாதம் அது. அன்று மதியம் சோறு இறங்கியதும் நிம்மதியாகப் படுத்து, அடித்துப்போட்டது போலத் தூங்கினேன்.

மறுநாளே அவள் கம்பளி நூல் வாங்கிவந்து ஒரு குல்லா பின்ன ஆரம்பித்தாள்.

“யாருக்கு?”

“மொட்டைத் தலைக்குத்தான். இந்தக் குளிரு தாங்குமா?”

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்! இடுப்புவரை தொங்கும் முடி அது. அந்த முடியைப் பார்த்துத்தான் நான் பெண் கேட்டுப் போனேன். காலையில் வாசலில் நின்று அவள் அதை உலர்த்தும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன். எண்ணெய் உறைவதற்குள் குனிந்தால் என் முடி சரியும். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

திருவிழா நாள். கோயில் குழாயடியில் நாவிதர் வேலப்பன் முக்காலி போட்டிருந்தார். உமாதேவி போய் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். முடி முக்காலியைத் தொட்டது. எஸ்டேட் லைன் வீட்டுச் சனம் முழுவதும் முதலில் அவளைப் பார்த்தது. பிறகு என் தலையைப் பார்த்தது.

வேலப்பன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டார். “ஆரம்பிக்கவா அக்கா?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எந்திரி உமா!” என்று கத்திவிட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவளை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

நான் வருடக்கணக்கில் வளர்த்ததை வேலப்பன் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். எனக்குக் கண்ணீர் வந்தது. பக்தி என்று நினைத்து நாலு பேர் கும்பிட்டார்கள்.

பூசிய சந்தனம் காய்ந்ததும் மலைக்காற்று மண்டையில் நேராக இறங்கியது. உமாதேவி பையிலிருந்து அந்தக் குல்லாவை எடுத்து என் தலையில் மாட்டினாள். அவளுடைய தலை சின்னது. ஆனால் குல்லா எனக்குக் காதுவரை கச்சிதமாக உட்கார்ந்தது.

“உனக்குப் பின்னுனது எனக்கு எப்படிடி இவ்வளவு சரியா இருக்கு?”

கொண்டையை முடிந்துகொண்டே சொன்னாள்: “எலிக்கதை சொன்னீங்கல்ல, அன்னிக்கு மத்தியானம் நீங்க தூங்குறப்பவே அளந்துட்டேன்.”