மறதிக்கார மோட்டார்

ஓடைத் தண்ணீர் சும்மாதானே ஓடுது என்று வாய்விட்ட அன்றைக்கே காயில்காரரைச் சனி பிடித்துக்கொண்டது.

அவருக்குத் தெருவில் அதுதான் பெயர். மோட்டார் கருகிப்போனால் உள்ளே இருக்கிற பழைய கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பியை வரிசை குலையாமல் சுற்றிக் கொடுப்பார். அந்தக் கை சும்மா இருக்காது. நூல் கிடைத்தாலும் சுற்றும், கயிறு கிடைத்தாலும் சுற்றும். அப்படி ஒரு கை.

அன்று சாயங்காலம் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கரண்ட் போனது. கரண்டி குழந்தையின் மூக்கில் போய் இடித்தது. குழந்தை வீறிட்டது. அந்த இருட்டில் எழுந்து நின்று அவர் சபதம் போட்டார். கொல்லைப்புறத்து ஓடையில் சக்கரம் வைத்து, அதில் ஒரு மோட்டாரைச் சுற்றவிட்டு, இந்த வீட்டுக்கு நானே கரண்ட் தருவேன் என்றார்.

“மோட்டார் கரண்ட்டைத் தின்னுட்டுத்தானே சுத்துது?” என்று மனைவிக்கு விளக்கினார். “நாம அதைப் பிடிச்சுச் சுத்தினா, கரண்ட்டைக் கக்கும்.”

“உங்களைப் பிடிச்சுச் சுத்தினா?”

“என்ன?”

“இத்தனை வருஷமாத் தின்னீங்களே. ஏதாவது வெளிய வருமான்னு கேட்டேன்.”

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மோட்டாருக்கு எங்கே போவது என்பதுதான் அவர் கவலை. அவர் கடையில் கிடப்பதெல்லாம் கிணற்று மோட்டார். யானைக் குட்டி மாதிரி இருக்கும். அதைச் சுற்ற இந்த ஓடை பத்தாது. சின்ன மோட்டாராக வேண்டும். அவர் பார்வை மெதுவாக நகர்ந்து, குளியலறை மூலையில் இருந்த துவைக்கும் மெஷின் மேல் போய் உட்கார்ந்தது.

அது குழந்தை பிறந்தபோது மனைவியின் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அதைக் கேட்டால் வீடு இரண்டாகும் என்று அவருக்குத் தெரியும். மூன்று நாள் தொண்டையைச் செருமினார். நாலாம் நாள் கேட்டேவிட்டார்.

“எடுத்துக்கோங்க,” என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டைக்கு என்று கட்டி வைத்திருந்த பதில்களெல்லாம் வாயிலேயே கிடந்தன.

ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். அந்த மோட்டார் திரும்ப அந்த மெஷினில் ஏறுகிற வரைக்கும் வீட்டுத் துணியெல்லாம் அவர்தான் துவைக்க வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம் என்று காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதச் சொன்னாள். விளக்கு எரிந்துவிட்டால் அந்தச் சந்தோஷத்தில் இவளே துவைத்துவிடுவாள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, அவர் சுழித்து ஒரு கையெழுத்துப் போட்டார். அவள் தாளை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

சைக்கிள் சக்கரத்தில் தகர டப்பாக்களைக் கட்டினார். ஓடையில் நிறுத்தினார். பெல்ட் மாட்டி மோட்டாரோடு இணைத்தார். பக்கத்தில், கரண்ட் எழும்ப உதவுகிற இரண்டு கெப்பாசிட்டர். சக்கரம் சுற்றியது. மோட்டார் சுற்றியது. பல்பு மட்டும் குருடன் கண் மாதிரி அப்படியே இருந்தது.

காயில்காரர் வாய் பிளந்து நின்றார். பிறகு தலையில் தட்டிக்கொண்டு உள்ளே ஓடி, பழைய ஸ்கூட்டர் பேட்டரியைத் தூக்கி வந்தார். சக்கரத்தை நிறுத்தி, மோட்டாரின் இரண்டு கம்பியிலும் பேட்டரியை ஒரு தொடு தொட்டார். எடுத்துவிட்டார். மறுபடி சக்கரத்தை விட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

இடுப்பில் குழந்தையோடு நின்ற அவளுக்கு அவரே பெருமையாகப் பாடம் நடத்தினார். இரும்புக்குள்ளே துளி காந்தம் பழைய ஞாபகமாகத் தங்கியிருக்க வேண்டும். அதை வைத்துத்தான் இது எழும்பும். தாங்காத சுமையை ஏற்றினால், இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றைச் செருகினால், படுத்துவிடும். ஞாபகமும் போய்விடலாம். அப்புறம் பேட்டரியைத் தொட்டுக் காட்டினால்தான் உண்டு.

“எந்தக் கம்பில தொடணும்?” என்று கேட்டாள்.

காட்டினார். பாவி மனுஷன், அதையும் காட்டினார்.

ஆறு பல்பு எரிந்தது. தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, மூளைன்னா மூளை என்று வாயாரப் புகழ்ந்தாள். காயில்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தார். குளியலறை வாசலில் ஒரு வாளி காத்திருந்தது.

குழந்தைத் துணி மட்டும் ஒரு நாளைக்குப் பதினெட்டு.

“விளக்குதான் எரியுதே,” என்றார்.

“ஆமா. மோட்டார் ஓடையில இருக்கே.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விளக்கு எரிகிற வரைக்கும் மோட்டார் ஓடையில். மோட்டார் ஓடையில் இருக்கிற வரைக்கும் வாளி இவர் கையில். அவர் எவ்வளவுக்கெவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாரோ அவ்வளவுக்கவ்வளவு மாட்டிக்கொண்டிருக்கிறார். நன்றாக வேறு செய்திருந்தார். பத்து வருஷத்துக்குத் தாங்கும்.

மூன்று வாரம் துவைத்தார். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து துவைத்தார். சக்கரம் பார்க்க வந்தவர்கள் இவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கம்பி பிடித்த விரலெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்தன. தானே மோட்டாரைக் கழற்றினால் தெரு சிரிக்கும். அது தானாகச் செத்தால்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் குழந்தையோடு தையல்கார அக்கா வீட்டுக்குப் போனாள். காயில்காரர் அலமாரி மேலிருந்த இஸ்திரிப் பெட்டியை இறக்கினார். ஓடை லைனில் செருகினார். ஸ்விட்சைத் தட்டினார். ஆறு பல்பும் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தன. பிடுங்கிப் பார்த்தார். எரியவில்லை. நல்ல மறதி. பெட்டியை எடுத்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்.

அவள் வந்ததும், செத்துப்போச்சு என்றார். இனி பிழைக்காது, நாளைக்கே கழற்றி மெஷினில் மாட்டிவிடுகிறேன் என்றார். குரல்கூட லேசாகத் தழுதழுத்தது. பாவம், எவ்வளவு பாடுபட்டீங்க என்று அவள் சொன்னபோது அவருக்கே கொஞ்சம் அழுகை வந்தது.

மறுநாள், சாயங்காலம் வந்து கழற்றிக்கொள்ளலாம் என்று, கடையில் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தார். சாயங்காலம் திரும்பி வந்தபோது தெருவே கரண்ட் போய்க் கிடந்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். யார் வீடு என்று எண்ணிக்கொண்டே வந்தவர், தன் வீட்டு வாசலில் சிலையாக நின்றார். ஆறு பல்பு. தையல்கார அக்கா வீட்டுக்கு இழுத்துவிட்ட ஏழாவது ஒன்று.

“எப்படி?” என்றார்.

“பேட்டரியை ஒரு தொடு தொட்டேன். நீங்க காட்டின கம்பியிலதான்.”

“எப்படிச் செத்துச்சுன்னே தெரியலையே,” என்று மெதுவாக இழுத்தார்.

அவள் அலமாரி மேலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “நான் இந்த வயரைப் பந்தாச் சுருட்டி வைப்பேன். இதைப் பாருங்க.”

பார்த்தார். வயர் பெட்டியைச் சுற்றி ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விடாமல், வரிசை வரிசையாக, புது காயில் மாதிரி உட்கார்ந்திருந்தது.

“இந்த வீட்டுல இவ்வளவு அழகாச் சுத்துறது யாரு?”

அவர் தன் கையையே முறைத்துப் பார்த்தார்.

அவள் அரிசி டப்பாவைத் தூக்கி அந்தக் காலண்டர் தாளை எடுத்து நீட்டினாள். ஏழு பல்பு வெளிச்சத்தில் அவர் கையெழுத்து நன்றாகத் தெரிந்தது. அதற்கு மேலே இருந்த கொஞ்ச இடத்தில் புதிதாக ஒரு வார்த்தை நுழைந்திருந்தது: இஸ்திரியும்.