மாமனார் போட்டோவ நாற்காலியில வச்ச கதை

நேத்து எனக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. ஹால்ல இருக்குற சாமானையெல்லாம் வெளிய எடுத்து வைக்கணும். ஒட்டடை அடிக்கணும். தரையக் கழுவணும். திரும்ப எல்லாத்தையும் உள்ள வைக்கணும்.

பொங்கலுக்கு முன்னாடி எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான். எங்க வீட்டுல வருசா வருசம் என் மனைவி செல்வி செய்வா, நான் ஓரமா நின்னு "பாத்து, வழுக்கும்"னு சொல்லிக்கிட்டு இருப்பேன். அதுவும் ஒரு வேலைதானே.

இந்தத் தடவை செல்விக்கு வேற வேலை வந்துருச்சு. அவ அப்பா, அதான் எங்க மாமனார், கண்ணுல புரை ஆபரேஷன் பண்ணிட்டு ஒரு வாரமா எங்க ஆனையூர் வீட்டுலதான் தங்கியிருக்காரு. சொந்த ஊரு மேலூர். அத்தை தவறிப்போயி ரொம்ப வருசமாச்சு, அங்க தனியா இருந்தா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடக்கூட ஆளில்ல. அவர டாக்டர்கிட்டத் திரும்பக் காட்டணும்னு செல்வி கூட்டிட்டுக் கிளம்புனா.

மாமா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். இன்னமும் வீட்டு வாசல்ல யாராவது நின்னா "உள்ள போ, உள்ள போ"ன்னுதான் சொல்லுவாரு. ஆபரேஷன் முடிஞ்சதுலருந்து அவருக்கு இருந்த ஒரே வருத்தம் கண்ணு இல்ல. செல்லூர்ல இருக்குற மச்சினன்.

மச்சினன்னா எங்க அத்தையோட தம்பி, செல்விக்குத் தாய்மாமன். செல்லூர்ல தறி போட்டிருக்காரு. எங்க மக காதுகுத்துக்கு மாமா அவரப் போன்ல கூப்பிட்டாரு. தட்டு எடுத்துக்கிட்டு நேர்ல போகல. "போன்ல சொல்றதுக்கு நான் என்ன கேஸ் கம்பெனியா?"ன்னு கேட்டவரு, விசேசத்துக்கு வரல. அதுக்கப்புறம் பேச்சும் இல்ல. ஆபரேஷனுக்காவது ஒரு எட்டு வந்து பாப்பான்னு மாமா எதிர்பாத்தாரு. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா கறுப்புக் கண்ணாடியோட எட்டிப் பாப்பாரு. "அவன் வந்துட்டா எனக்கு மறு கண்ணு ஆபரேஷனே வேணாம்"னு ஒருநாள் சொன்னப்போ எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

"ஒட்டடை மட்டும் அடிங்க. சொந்த யோசனை எதுவும் பண்ணிறாதீங்க"ன்னு சொல்லிட்டு செல்வி ஆட்டோ ஏறுனா.

நான் ஆரம்பிச்சேன்.

காதுகுத்துக்கு வாங்குன பிளாஸ்டிக் சேர் ஒரு அடுக்கு இருந்துச்சு. அதத் தெருவுல சுவரை ஒட்டி வரிசையா போட்டேன். அழுக்குத் தண்ணி தெறிக்காம இருக்கணும்ல. சோபா வெயில்ல வெளுத்துரும்னு ஒரு நீலத் தார்ப்பாய எடுத்து கேட்டுலருந்து வேப்பமரத்துக்கு இழுத்துக் கட்டுனேன். சொந்த யோசனைதான். ஆனா நல்ல யோசனை.

அப்புறம் சுவத்துல இருந்த போட்டோ. மாமா ரிட்டயர்டு ஆனப்போ கூட வேலை பாத்தவங்க பெருசா பிரேம் போட்டுக் கொடுத்தது. கீழ வச்சா கண்ணாடி உடையும்னு ஒரு சேர்ல சாய்ச்சு வச்சேன், தெருவப் பாத்த மாதிரி. அத்தை படத்தத் துடைச்சு பூஜை ரூம்ல வச்சேன். அதுல கிடந்த சந்தன மாலைய மட்டும் எங்க வைக்கிறதுன்னு தெரியாம மாமா படத்து மேல மாட்டி வச்சேன். ஒரு அஞ்சு நிமிசத்துக்குத்தான்.

அடுப்படியிலயும் ஒட்டடை இருந்துச்சு, அதனால கேஸ் அடுப்பும் வெளிய வந்துருச்சு.

சட்டையக் கழட்டிட்டு, தலையில துண்டக் கட்டிக்கிட்டு ஒட்டடைக் கம்ப எடுத்தேன். ஒரு வருசத் தூசி மொத்தமும் என் கண்ணுலதான் விழுந்துச்சு. கண்ணு ரெண்டும் ரத்தமாச் செவந்து, மூக்கு ஒழுகி, தாரை தாரையாத் தண்ணி. அப்படியே ஹோஸ் பைப்ப எடுத்து ஹாலக் கழுவி விட்டேன். தண்ணி வாசப்படி தாண்டித் தெருவுல ஓடுச்சு.

அந்த நேரம் பாத்து மூணாவது வீட்டு ஈஸ்வரன் அண்ணன் பைக்குல வந்தாரு. வண்டிய நிறுத்துனாரு. தார்ப்பாயப் பாத்தாரு, போட்டோவப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. செருப்பக் கழட்டிட்டு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. ஒரு வார்த்தை பேசல. போய் சேர்ல உக்காந்துட்டாரு.

வெயில்ல வந்த களைப்பு போலன்னு நெனச்சேன்.

கொஞ்ச நேரத்துல இன்னும் ரெண்டு பேர். அவங்களும் கையைப் பிடிச்சாங்க, உக்காந்தாங்க. அப்புறம் பக்கத்துத் தெருவுலருந்து ஒரு கூட்டம். எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு அமைதியா இருக்காங்க.

வீட்டுக்கு வந்தவங்கள "என்ன விசயமா வந்தீங்க?"ன்னு கேக்கக் கூடாதுன்னு சின்ன வயசுலயே அடிச்சு வளத்திருக்காங்க என்னைய. அதனால நான் கேக்கல. துக்க வீட்டுல வாயத் தொறந்து எதையும் விசாரிக்கக் கூடாதுன்னு அவங்களையும் அடிச்சுத்தான் வளத்திருக்காங்க. அதனால அவங்களும் கேக்கல. மரியாதை தெரிஞ்ச ஜனங்க ஒண்ணு சேந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு நேத்து எங்க தெருதான் சாட்சி.

வந்தவங்கள சும்மா உக்கார வைக்கக் கூடாதுன்னு டீக்கடைக்குச் சொல்லி ஒரு கேன் டீ வரவழைச்சேன். பேப்பர் கப்புல ஊத்தி எல்லாருக்கும் கொடுத்தேன். சந்தேகத்துல இருந்த ஒண்ணு ரெண்டு பேருக்கும் அந்த டீயக் குடிச்சதும் தெளிஞ்சிருச்சு. டீ குடிச்ச ஒருத்தர் "போயிட்டு வாரேன்"னு கூடச் சொல்லாம எந்திரிச்சுப் போனாரு. என்ன மனுசன்டான்னு மனசுக்குள்ள திட்டுனேன். துக்க வீட்டுல அப்படிச் சொல்லக் கூடாதுங்கிறது எனக்கும் தெரியும். அது துக்க வீடுங்கிறதுதான் தெரியாது.

எதிர் வீட்டு ஜமீலாக்கா ஒரு தூக்குவாளியில கஞ்சி கொண்டு வந்தாங்க. என் தலையத் தடவிக் கொடுத்து, வெறும் வயிறா இருக்காத தம்பின்னு சொல்லி, முந்தானையில கண்ணத் துடைச்சுக்கிட்டாங்க. ஒட்டடை அடிச்சதுக்கு இம்புட்டுப் பாசமா? ஊர் முழுக்க இரக்கப்படுது, கட்டுன பொண்டாட்டிக்குத்தான் நம்ம கஷ்டம் தெரியலன்னு நெனச்சு, துண்ட எடுத்து மொகத்தப் பொத்திக்கிட்டேன். அத வேற எல்லாரும் பாத்தாங்க.

கஞ்சி நல்ல கஞ்சிதான். ஆனா அன்னைக்கு மத்தியானம் வெளிய சாப்பிட்டுக்கலாம்னு செல்வியே அனுமதி கொடுத்திருந்தா. அப்படி ஒரு வாய்ப்பு எனக்கு அடிக்கடி வராது. ஈஸ்வரன் அண்ணன்கிட்ட, ஒரு வேலையா போயிட்டு வந்துர்றேன், சாமானப் பாத்துக்கங்கன்னு சொன்னேன். "நீ போ. ஆக வேண்டியதெல்லாம் நாங்க பாக்குறோம்"னாரு.

மெயின்ரோட்டு மெஸ்ல போயி ஒரு சாப்பாடு, ஒரு மட்டன் சுக்கா, ஒரு கறி தோசை சொன்னேன். சப்ளையர் நம்ம ஏரியாக்காரரு, தெரிஞ்ச முகம். என்னையப் பாத்துட்டு நகராம நின்னாரு. உள்ள போயி முதலாளிகிட்ட ஏதோ கேட்டுட்டு வந்தாரு. சுக்காவக் கொண்டாந்து ரொம்பத் தயங்கி வச்சாரு. நான் மொத வாய் வச்சதும் அவருக்குப் பொறுக்கல.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மாமனார் செத்துக் கிடக்கும்போது கறி திங்கலாமாண்ணே?"

எந்த மாமனாருன்னு கேட்டேன். "உங்களுக்கு எத்தன பேரு?"ன்னு கேட்டாரு. கண்ணு ஆபரேஷன்ல போயிட்டாராம், வாசல்ல பந்தல் போட்டாச்சாம், தெருவே பேசுதாம்.

வாயில இருந்த சுக்காவத் துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. கடைசியில முழுங்கிட்டேன். பதமா வெந்திருந்துச்சு.

காசக் கொடுத்துட்டு ஓடுனேன். தெருமுனையில நின்னு மொத மொதலா எங்க வீட்ட ஒரு அந்நியன் மாதிரி பாத்தேன். பந்தல். வரிசையா சேரு. மாலை போட்ட படம். கழுவி விட்ட வாசல். எனக்கே அழுகை வந்துருச்சு.

இதுல நான் இல்லாத நேரத்துல முன்னேற்றம் வேற. யாரோ படத்துக்கு முன்னாடி ஊதுபத்தி கொளுத்தி வச்சிருந்தாங்க. ஒரு தம்பி கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்கு அந்தப் படத்தப் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாரு. வாசல்ல ஒரு மினி வேன் நின்னுச்சு. அதுல ஐஸ் பெட்டி.

கூட்டத்துக்கு நடுவுல போயி நின்னு, மாமா சாகல, உசுரோட இருக்காருன்னு கத்துனேன்.

ஈஸ்வரன் அண்ணன் எந்திரிச்சு வந்து என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "அப்படித்தான்டா தம்பி தோணும். எங்க அப்பாவுக்கு நானும் இப்படித்தான் கத்துனேன்"னாரு.

வேன் டிரைவர் பொறுமையான ஆளு. பெரியவர் எங்க இருக்காருன்னு கேட்டாரு. ஆஸ்பத்திரியிலருந்து ஆட்டோவுல வந்துக்கிட்டு இருக்காருன்னு உண்மையச் சொன்னேன். கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு. ஜமீலாக்கா விசும்ப ஆரம்பிச்சுட்டாங்க.

ஆட்டோ வந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சாங்க. மொதல்ல செல்வி இறங்குனா. பின்னாடியே கறுப்புக் கண்ணாடி, வெள்ளச் சட்டையோட மாமா இறங்குனாரு, தானே நடந்து. ஐஸ் பெட்டிக்காரரு ரெண்டடி பின்னால போயிட்டாரு.

செல்வி தார்ப்பாயையும் போட்டோவையும் பாத்தா. யாரு என்னன்னு எதுவும் கேக்கல, நேரா என்னையத்தான் பாத்தா. நான் தண்ணி போற சாக்கடைய கவனமாப் பாக்க ஆரம்பிச்சேன்.

மாமா தன்னோட படத்துக்கு முன்னாடி போயி நின்னாரு. ஊதுபத்திய மோந்து பாத்தாரு. இன்னைக்கு என் ஜோலி முடிஞ்சதுன்னு நெனச்சேன். அவரு திட்டவே இல்ல. ஈஸ்வரன் அண்ணன்கிட்ட திரும்பி மெதுவாக் கேட்டாரு.

"செல்லூருக்குச் சொல்லியாச்சா?"

அண்ணனுக்கு ஒர்க்‌ஷாப் செல்லூர்லதான், மச்சினன் தறிக்குப் பக்கத்துலயே. மொத போனே அவருக்குத்தான் போட்டேன்னாரு. என்ன சொன்னான்னு மாமா கேட்டாரு. ஒண்ணும் சொல்லல, போன வச்சுட்டாருன்னாரு அண்ணன்.

மாமா மொகம் விழுந்துருச்சு. அப்புறம் கண்டக்டர் குரல்ல, "யாரும் எந்திரிக்காதீங்க. அப்படியே இருங்க. வர்றானா இல்லையான்னு பாத்துருவோம்"னு சொல்லிட்டு உள்ள போயி சன்னல் ஓரமா நின்னுக்கிட்டாரு.

இப்ப எங்க நிலைமையப் பாருங்க. ஆளு சாகலன்னு எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் எல்லாரும் துக்கமா உக்காந்திருக்கோம். சன்னலுக்குள்ளருந்து "வந்துட்டானா?"ன்னு அப்பப்போ ஒரு குரல். அதட்டலாத்தான் கேட்டாரு, ஆனா சன்னலவிட்டு ஒரு அடி நகரல. எனக்குச் சிரிப்பு போயே போச்சு. அந்த ஆளு வரலன்னா, செத்தாக்கூட வரமாட்டான்னு மாமாவுக்குத் தெரிஞ்சு போயிரும். ஒரு ஒட்டடையில எங்க கொண்டாந்து விட்டுட்டேன் பாருங்க.

மொபட் சத்தம் கேட்டுச்சு.

செல்லூர்க்காரர் வந்தாரு. ஹேண்டில்ல ரோஜா மாலை, மடியில கோடி வேட்டி. வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூட இல்ல, அப்படியே சாய விட்டுட்டு வந்து படத்துக்கு முன்னாடி உக்காந்துட்டாரு. "மச்சான், கோவத்துலயே இருந்துட்டேனே. ஒரு வாட்டி வந்து பாக்கணும்னு தினமும் கெளம்புவேன் மச்சான், தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிருவேன்"னு சின்னப்புள்ள மாதிரி அழுதாரு.

உள்ளருந்து மாமா வந்தாரு. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழ தண்ணி ஒழுகுது.

"டாக்டர் என் கண்ணுல தண்ணி விடக் கூடாதுன்னிருக்காருடா மாப்ள. அழாத."

செல்லூர்க்காரர் படத்தப் பாத்தாரு, மாமாவப் பாத்தாரு, திரும்பப் படத்தப் பாத்தாரு. மொதல்ல சந்தோசம் வந்துச்சு, அத நான் கண்ணாலப் பாத்தேன். அடுத்த நொடி சடக்குன்னு எந்திரிச்சு வேட்டியில மண்ணத் தட்டுனாரு.

"நல்லதுக்கு அழைச்சாத்தான் போகணும், கெட்டதுக்குக் கேட்டாலே போகணும். கெட்டதுன்னு நெனச்சு வந்தேன். நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. அழைக்காத வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிப்போச்சு. நான் கெளம்புறேன்."

வண்டிய நிமித்துனாரு. சாகாதது மாமா பண்ணுன தப்புங்கிற மாதிரி நின்னாரு.

மாமா செல்வியப் பாத்து தட்டு எடுத்துட்டு வாம்மான்னாரு. தட்டு சோபாவுக்கு அடியில கிடந்துச்சு. வெத்தலை பாக்குக்கு எங்க போக? துக்கம் கேக்க வந்தவங்க வாங்கி வந்த வாழைப்பழத்துல ரெண்டு சீப்ப எடுத்து வச்சா. அந்தத் தட்ட ரெண்டு கையால ஏந்திக்கிட்டு, தெரு நடுவுல, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல நின்னு மாமா சொன்னாரு. "பொங்கலுக்கு என் மக வீட்டுக்குக் குடும்பத்தோட வரணும் மாப்ள. நேர்ல கூப்பிடுறேன்."

செல்லூர்க்காரர் உடனே வாங்கல. கூட்டத்த ஒரு பார்வை பாத்தாரு, எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களாங்கிற மாதிரி. அப்புறம் வாங்கிக்கிட்டாரு. ஜமீலாக்கா மறுபடியும் அழுதாங்க. வேன் டிரைவர் கேன்ல மிச்சம் இருந்த டீயக் குடிச்சுட்டு, இந்த மாதிரி ஒரு கிராக்கிய இதுவரைக்கும் பாத்ததில்லன்னு சொல்லிட்டுப் போனாரு.

சாயங்காலம் சாமானையெல்லாம் உள்ள வைக்க ஊரே கை கொடுத்துச்சு. செல்வி என்கிட்ட இன்னும் பேசல.

கிளம்பும்போது செல்லூர்க்காரர் கோடி வேட்டிய மறைச்சு எடுத்துட்டுப் போகப் பாத்தாரு. இழவுக்குன்னு எடுத்தத உசுரோட இருக்குறவருக்குக் கொடுக்கலாமா? மாமா விடல. பிடுங்கிப் பிரிச்சு, கரையத் தடவிப் பாத்து, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்து, பொங்கலுக்கு இதத்தான் கட்டப்போறேன்னாரு. ஐயோ வேண்டாம் மச்சான்னு அவரு பதறுனாரு.

"செத்தப்புறம் கட்டிவிட்டா, நல்லாருக்கா இல்லையான்னு எனக்கு எப்படிடா தெரியும்?"