செவலையை நீக்கிய நாள்

பெரியவர்கள் முன்னால் "இல்லை" என்ற சொல் என் வாயில் வராது. எங்கள் கொங்குப் பக்கத்தில் பலருக்கும் அப்படித்தான். ஆனால் அந்த மரியாதையைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் வைத்து எம்.சி.ஏ. பட்டத்தையே தொலைக்கப் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் கடைசி வருடம். மாடு வாங்க யோசனை சொல்லும் புரோகிராம்தான் என் புராஜெக்ட். (ஏன் மாடு என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த நிபுணர்களே இரண்டு பேர்தான்.) ஒருவர் அப்பா. இன்னொருவர் அம்மாவின் தம்பி, பொள்ளாச்சிச் சந்தையே கதி என்று கிடக்கும் மாமா. பல், சுழி, திமில் என்று அவர்கள் சொன்னதையெல்லாம் இருநூறு விதிகளாக்கி உள்ளே போட்டேன்.

முதுகில் ரெட்டைச் சுழி இருந்தால் வாங்கலாம் என்றார் மாமா. அவர் போன பிறகு அப்பா குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சுழி ஊட்டுக்கு ஆகாது கண்ணு. மாமங்கிட்டச் சொல்லிப்போடாதே." எங்கள் செவலைக் காளை மாமா பார்த்து வாங்கித் தந்தது. அதன் முதுகில் ரெட்டைச் சுழி. யாரை விடுவது? இரண்டு விதியையும் எழுதினேன். சோதித்துப் பார்க்க ஒரு மாடு வேண்டுமே என்று செவலையையும் சேர்த்தேன்.

வைவாத் தேர்வு அன்று இருவரும் வெள்ளை வேட்டியில் வந்து ஆய்வகத்தின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். கதவு திறந்தே இருந்தது. தோற்றால் ஆறு மாதம் வீட்டில் இருக்க வேண்டும், அதற்குள் கல்யாணத்தை முடித்துவிடுவார்கள்.

வெளியூர்த் தேர்வாளர் கீபோர்டில் கேள்விகளைத் தட்டினார். செவலையை வாங்கலாமா? எஸ். வாங்கக்கூடாதா? எஸ். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். செவலைக்கு ஆறு காலா? எஸ். செவலைதான் தேர்வாளரா? எஸ்.

எதைக் கேட்டாலும் தலையாட்டியது. (வளர்த்தவள் நானல்லவா.) கேள்விக்கு எதிரானதை உள்ளே விட்டுப் பார்த்து, முரண்பாடு வந்தால் 'எஸ்' சொல்லும்படி எழுதியிருந்தேன். முரண்பாடு ஏற்கெனவே உள்ளே குடியிருந்தால் எதற்கும் 'எஸ்'தான் வரும் என்று யோசிக்கவில்லை.

"உள்ள முரண்பாடு இருக்கும்மா. எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சந்தானுங்க சார்."

"கொஞ்சம்னு எப்படி அளந்தீங்க? எத்தனை வரியை எடுத்தா சரியாகும்னு பாருங்க. அதுதான் அளவு."

தாள்களைப் புரட்டினேன். "ஒண்ணுங்க சார்."

"அப்ப எடுங்க."

வாசலில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. மாமாவின் விதியை எடுத்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அப்பாவின் விதியை எடுத்தால் வீட்டுக்கு எப்படிப் போவது? கண்ணை மூடிக்கொண்டு செவலையை அழித்தேன்.

மறுபடி தட்டினார். ஆறு காலா? நோ. எனக்கு மூச்சு வந்தது.

"ரெண்டு விதியும் அப்படியே இருக்கே. நாளைக்கு இன்னொரு ரெட்டைச் சுழி மாடு வந்தா?"

"வராதுங்க சார்."

அவர் பாஸ் மட்டும் போட்டார்.

பஸ்ஸில் உக்கடம் தாண்டியதும் மாமா மெல்லக் கேட்டார். "ஏங்கண்ணு, நான் புடிச்சுக் குடுத்த மாட்டைக் கம்ப்யூட்டரு வேண்டாம்னுருச்சா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா முந்திக்கொண்டார். "அதுக்கென்னங்க மாப்ள தெரியும்? ரெட்டைச் சுழின்னா ராசிதானுங்க."

இதை ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனிதர்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் முட்டிக்கொண்டாலும் "மாட்டை எடுத்துப்போடு" என்பார்கள். என் கல்யாணத்துக்கு எந்த மண்டபம் என்று அப்பாவும் மாமாவும் மல்லுக்கு நின்றபோது அம்மா சொன்னார், "பேசாம அந்தப் பையனை எடுத்துப்போடு அம்மணி." அந்தப் பையனுக்கும் கதை தெரியும். இன்றும் அப்பாவும் மாமாவும் குரலை உயர்த்தினால், யாரும் சொல்லாமலே என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுகிறார்.